வடிகட்டி, உப்பு, சிறுநீர்க் குழாய்: மூன்று சொற்களைப் பற்றி ஆசிரியருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ் நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்களில் சிறுநீரகம் என்று வந்துவிட்டால் மூன்று சொற்கள் தவறாமல் வருகின்றன: வடிகட்டி, உப்பு, சிறுநீர்க் குழாய். படிப்பவருக்கு எளிதாகப் புரியட்டும் என்றுதான் இவை புழக்கத்துக்கு வந்தன. ஆனால் மூன்றுமே உறுப்பின் அமைப்பை மறைத்துவிடுகின்றன. அதனால் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்திருக்கும் நோயாளி தவறான முடிவுக்கு வருகிறார். எடுக்க வேண்டிய பரிசோதனை எடுக்கப்படாமல் போகிறது, வெளியே எடுக்க வேண்டிய ஸ்டென்ட் உள்ளேயே கிடக்கிறது. உடற்கூறியலும் திசு நோய்க்குறியியலும் கற்பிக்கும் நாங்கள் இந்த மூன்று சொற்களையும் உறுப்போடு வைத்துப் பார்த்து எழுதுகிறோம். சற்று நீளமான கடிதம். இடம் தர வேண்டுகிறோம்.

முதலில் இருப்பிடம். இடுப்பில் கை வைத்து "கிட்னி வலிக்கிறது" என்பது நம் ஊர் வழக்கம். சிறுநீரகங்கள் அங்கே இல்லை. முதுகுப்புறத்தில், கடைசி விலா எலும்புகளின் மறைவில், முதுகெலும்பின் இரு பக்கமும், கடைசி மார்பு முள்ளெலும்பிலிருந்து மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பு வரையுள்ள உயரத்தில் இருக்கின்றன. மேலே கல்லீரல் இருப்பதால் வலது சிறுநீரகம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 11 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம், 3 செ.மீ. தடிமன், 150 கிராம் அளவு எடை. குடலைப் போல வயிற்றறையின் உறைக்குள் தொங்குவதில்லை. அதற்குப் பின்னால், கொழுப்பு மெத்தைக்குள் பொதிந்து கிடக்கிறது. குனிந்து நிமிரும்போது கூடிக் குறையும் இடுப்பு வலி பெரும்பாலும் தசை அல்லது முதுகுத்தண்டு சம்பந்தப்பட்டது. சிறுநீரக வலி கடைசி விலாவும் முதுகெலும்பும் சேரும் மூலையில் இருக்கும். எப்படித் திரும்பிப் படுத்தாலும் மாறாது. மேலும், நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு அநேகமாக வலியே தருவதில்லை. "வலி இல்லை, அதனால் கிட்னி நன்றாக இருக்கிறது" என்ற நம்பிக்கைதான் ஆட்களைத் தாமதமாகக் கொண்டுவந்து சேர்க்கிறது.

இனி வடிகட்டி. சிறுநீரகத்தை நெடுக்காக இரண்டாகப் பிளந்தால் வெளிப்புறம் புள்ளி புள்ளியாகத் தெரியும் புறணியும், உட்புறம் கோடு கோடாகத் தெரியும் மெடுல்லாவும் இருக்கும். மெடுல்லா 8 முதல் 18 வரையிலான பிரமிடுகளாகப் பிரிந்திருக்கிறது. அந்தப் புள்ளிகள்தான் குளோமருலஸ்கள். ஒவ்வொன்றும் சுமார் 200 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. 1666இல் மால்பிஜி இவற்றைக் கண்டு எழுதினார். இவை ரத்தக் குழாயின் முடிச்சுகள் என்பதும், அந்த முடிச்சைச் சுற்றியுள்ள கிண்ணம் நேராக ஒரு நுண்குழலாகத் தொடர்கிறது என்பதும் 1842இல் பௌமன் காட்டும்வரை தெளிவாகவில்லை. முடிச்சு, கிண்ணம், குழல் மூன்றும் சேர்ந்தது ஒரு நெஃப்ரான். ஒரு சிறுநீரகத்தில் சராசரியாக 10 லட்சம் நெஃப்ரான்கள். ஆனால் ஆளுக்கு ஆள் இது இரண்டு லட்சத்திலிருந்து இருபது லட்சத்துக்கு மேல்கூட வேறுபடும். கர்ப்பத்தின் 36ஆம் வாரத்தோடு நெஃப்ரான் உற்பத்தி முடிந்துவிடுகிறது. அதன்பின் ஒன்றுகூடப் புதிதாக உண்டாவதில்லை. குறைப்பிரசவத்திலும் எடை குறைவாகவும் பிறந்தவர்கள் வளர்ந்தபின் ரத்த அழுத்தத்தையும், சிறுநீரில் ஒழுகும் அல்புமின் என்னும் புரதத்தையும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

குளோமருலஸில் நடப்பது வடிகட்டல்தான், மறுக்கவில்லை. அதுவும் சாதாரண வடிகட்டல் இல்லை. உள்ளே வரும் நுண்தமனி ஒன்று, வெளியே போகும் நுண்தமனி ஒன்று. நடுவில் சிக்கிய தந்துகிகளில் அழுத்தம் 50 முதல் 60 மி.மீ. பாதரசம். உடம்பின் மற்றத் தந்துகிகளில் உள்ளதைப் போல இது ஏறக்குறைய இரு மடங்கு. தடுப்புச்சுவர் மூன்று அடுக்கு. முதல் அடுக்கு, 70 முதல் 100 நானோமீட்டர் துளைகள் கொண்ட ரத்தக்குழாய் உட்சுவர் செல்கள். இரண்டாவது, 300 நானோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தடிமனுள்ள அடித்தளச் சவ்வு. நான்காம் வகைக் கொலாஜனால் பின்னப்பட்டது. மூன்றாவது போடோசைட் என்னும் கால்கொண்ட செல்கள். இவை தம் கால்களைக் கைவிரல்கள் கோத்தாற்போல் கோத்துச் சவ்வின் மேல் பற்றியிருக்கின்றன. விரல்களுக்கிடையில் 30 முதல் 40 நானோமீட்டர் இடைவெளி, அதன் குறுக்கே ஒரு மெல்லிய திரை. அந்தத் திரையின் முக்கியப் புரதமான நெஃப்ரின் 1998இல்தான் கண்டறியப்பட்டது. பின்லாந்தில் பிறவியிலேயே புரதம் ஒழுகும் குழந்தைகளை ஆராய்ந்தபோது கிடைத்த கண்டுபிடிப்பு.

போடோசைட் பெருகுவதில்லை. ஒன்று உதிர்ந்தால் அந்த இடத்தை நிரப்பப் பெரும்பாலும் வேறொன்று வராது. பக்கத்திலிருப்பவை நீண்டு மூட முயலும், முடியாதபோது அங்கே தழும்பு விழும். சர்க்கரை நோயிலும் உயர் ரத்த அழுத்தத்திலும் மருந்தைச் சீக்கிரம் தொடங்கச் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தேய்த்துக் கழுவி மறுபடி மாட்டும் சல்லடைக்கு இந்தக் கதி கிடையாது. அதனால்தான் "கிட்னியைச் சுத்தம் செய்யும் பானம்" என்ற செய்தியைப் பார்க்கும்போது எங்களுக்குக் கவலை வருகிறது. அங்கே அடைத்துக்கொண்டிருக்கும் அழுக்கு என்று ஒன்று இல்லை. உதிர்ந்துபோன செல் இருக்கிறது, விழுந்துவிட்ட தழும்பு இருக்கிறது. எந்தச் சாறும் அதைக் கழுவ முடியாது.

உண்மையில் சிறுநீரகத்தின் பெரும்பாடு வடிகட்டியபிறகு தொடங்குகிறது. நிமிடத்துக்குச் சுமார் 125 மி.லி. வீதம் ஒரு நாளில் 180 லிட்டர் வடிகட்டப்படுகிறது. உடம்பில் உள்ள பிளாஸ்மாவே 3 லிட்டர்தான். அது நாளைக்கு 60 முறை வடிகட்டப்படுகிறது என்று பொருள். சிறுநீராக வெளியே வருவது ஒன்றரை லிட்டர். மிச்சம் 178 லிட்டருக்கு மேல் உள்ள நீரை நுண்குழல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அந்த 180 லிட்டரில் கரைந்திருக்கும் சோடியத்தைச் சமையல் உப்பாகக் கணக்கிட்டால் சுமார் ஒன்றரைக் கிலோ வரும். குளுக்கோஸ் 180 கிராம் வரும். வடிகட்டி மட்டும் இருந்து குழல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆள் வறண்டுபோவார்.

இந்தப் பணிக்கேற்பவே குழலின் ஒவ்வொரு பகுதியும் கட்டப்பட்டிருக்கிறது. குழலின் முதல் பகுதியான அண்மைச் சுருள் நுண்குழலின் செல்கள் கனசதுர வடிவில் தடித்து, உள்முகம் முழுக்கத் தூரிகை மயிர் போன்ற நுண்விரல்களால் மூடப்பட்டு, அடிப்பகுதி முழுக்க மைட்டோகாண்ட்ரியாவால் நிறைந்திருக்கும். வடிந்த நீரிலும் சோடியத்திலும் மூன்றில் இரண்டு பங்கு, குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் ஏறக்குறைய முழுவதும் இங்கேயே மீட்கப்படுகின்றன. ரத்தத்தில் குளுக்கோஸ் 180 மி.கி. அளவைத் தாண்டும்போது இந்தச் செல்களின் கைமீறிப்போய்ச் சிறுநீரில் சர்க்கரை தெரிகிறது. இப்போது பலர் சாப்பிடும் டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் மாத்திரைகள் வேலை செய்வது இந்த இடத்தில்தான். அவற்றைச் சாப்பிடுபவர் சிறுநீரில் சர்க்கரை காட்டினால் அது மருந்தின் வேலை. பயந்து மாத்திரையை நிறுத்தக் கூடாது.

அடுத்து, மெடுல்லாவுக்குள் இறங்கிக் கொண்டை ஊசிபோல் வளைந்து மேலேறும் ஹென்லே வளைவு. மெல்லிய பகுதியில் செல்கள் தட்டையாகி, பக்கத்துத் தந்துகியா இது என்று மாணவர்கள் குழம்பும் அளவுக்கு இருக்கும். மேலேறும் தடித்த பகுதி உப்பை மட்டும் வெளியே தள்ளும், தண்ணீரை விடாது. அதனால்தான் மெடுல்லாவின் அடி ஆழம் ரத்தத்தைவிட நான்கு மடங்கு செறிவாகிறது. பின்னர் சேகரிப்பு நாளம் அந்த ஆழத்தின் வழியே இறங்கும்போது, ஏ.டி.எச். ஹார்மோன் சொல்லும் அளவுக்கு நீர் வெளியே உறிஞ்சப்படுகிறது. தண்ணீர் குடிக்காத நாளில் சிறுநீர் மஞ்சளாக வருவது உறுப்பு கெட்டதால் இல்லை. உறுப்பு சரியாக வேலை செய்வதால். இதையும் ஒருமுறை எழுதுங்கள்.

மெடுல்லாவைப் பற்றி இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல், சிறுநீரகங்களுக்குப் போகிறது. ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் புறணிக்கே. மெடுல்லாவுக்கு வரும் ரத்தம் குறைவு, ஆக்சிஜன் அழுத்தம் 10 முதல் 20 மி.மீ. அளவுதான். அங்கேதான் மேலேறும் தடித்த குழல் ஓயாமல் உப்பை இறைத்துக்கொண்டிருக்கிறது. விளிம்பில் வாழும் இந்தப் பகுதிக்கு ரத்தம் வருவதைப் பார்த்துக்கொள்பவற்றில் முக்கியமானது புரோஸ்டாகிளாண்டின். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபென் போன்ற வலி மாத்திரைகள் அந்தப் புரோஸ்டாகிளாண்டினைத்தான் நிறுத்துகின்றன; உள்ளே வரும் நுண்தமனி சுருங்குகிறது. ராமிப்ரில், டெல்மிசார்டான் வகை மாத்திரைகள் வெளியே போகும் நுண்தமனியைத் தளர்த்துகின்றன. நல்ல நிலையில் இருக்கும்போது இது நன்மை. குளோமருலஸின் அழுத்தம் குறைந்து அல்புமின் ஒழுக்கு குறைகிறது. இரண்டும் ஒருசேர நடந்து, கூடவே நீர் பிரிக்கும் மாத்திரையும் சேர்ந்து, வயிற்றுப்போக்கில் உடம்பு வறண்டும் போனால், வடிகட்டும் அழுத்தம் சட்டென்று சரிகிறது. வாந்தி பேதி வந்த நாளில் மருந்துக் கடையில் வலி மாத்திரை கேட்டு வாங்காமல், வழக்கமான அழுத்த மாத்திரையையும் நீர் மாத்திரையையும் அன்றைக்கு எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். உங்கள் பக்கத்தில் இந்த ஒரு வாக்கியம் கட்டம் கட்டி வந்தால் பலருக்குப் பயன்படும்.

"வடிகட்டி" என்ற ஒரே படத்தை மனதில் வைத்திருந்தால் ஒரு முழு நோய் வகையே புரியாமல் போய்விடும். இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களில் 1990களிலிருந்து விவசாயிகளை அழித்துவரும் நாட்பட்ட சிறுநீரக நோயையும், ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானத்தில் காணப்படும் நோயையும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நோயாளிகளில் பலருக்குச் சர்க்கரையும் இல்லை, ஆரம்பத்தில் ரத்த அழுத்தமும் இல்லை, சிறுநீரில் அல்புமினும் மிகக் குறைவு. இலங்கை நோயாளிகளின் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் காரணம் தெரிகிறது: ஆரம்ப நிலையில் குளோமருலஸ்கள் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன, நுண்குழல்கள் சுருங்கி, குழல்களுக்கு இடையிலுள்ள இடம் நாரிழைகளால் நிரம்பியிருக்கிறது. சல்லடை நன்றாக இருந்தும் சிறுநீரகம் சாகிறது. சிறுநீர்ப் பரிசோதனை மட்டும் பார்த்து "ஒன்றுமில்லை" என்று அனுப்பினால் இவர்களின் நோய் கண்ணுக்குத் தப்பிவிடும். ரத்தத்தில் கிரியேட்டினின் என்னும் கழிவின் அளவையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

குழலைக் கெடுக்கும் இன்னொரு வழி நம் சமையலறைக்கு அருகில் இருக்கிறது. கேரளத்தில் கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பி இரும்பன் புளிச் சாற்றை அடர்த்தியாகக் குடித்தவர்களுக்குத் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அதிலுள்ள ஆக்சலேட், கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகி நுண்குழலுக்குள் அடைக்கிறது. முனைவாக்கிய ஒளியில் பார்த்தால் அந்தப் படிகங்கள் இருட்டில் சிதறிய கண்ணாடித் துண்டுகள்போல் மின்னும். நட்சத்திரப் பழம் எனப்படும் தமரத்தங்காயும் அப்படியே. ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவருக்கு அது மூளையையும் தாக்கும். இளநீர், வாழைத்தண்டுச் சாறு விஷயம் வேறு. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அவை உணவு. வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 30 மி.லி.க்குக் கீழ் இறங்கியவருக்கு, பொட்டாசியத்தை வெளியேற்றும் சேகரிப்பு நாளச் செல்களுக்கு வலு போய்விட்ட நிலையில், 100 மி.லி.க்குச் சுமார் 200 மி.கி. பொட்டாசியம் கொண்ட இளநீர் இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடியது. "சிறுநீரகத்துக்கு நல்லது" என்று எழுதும்போது யாருடைய சிறுநீரகத்துக்கு என்பதையும் எழுத வேண்டும்.

இரண்டாவது சொல், உப்பு. கர்ப்பிணிகளிடம் "யூரின்ல உப்பு போகுது" என்கிறோம். அது அல்புமின் என்னும் புரதம். டயாலிசிஸ் பிரிவில் "உப்பு 6 ஆயிடுச்சு" என்கிறோம்; அது தசையிலிருந்து வரும் கழிவான கிரியேட்டினின். சாப்பாட்டில் "உப்பைக் குறை" என்கிறோம், அது சோடியம். மூன்று வெவ்வேறு பொருள்களுக்கு ஒரே பெயர். விளைவு என்ன? சிறுநீரில் உப்புப் போகிறது என்று கேட்டவர், கெட்ட உப்பு வெளியேறுகிறது, நல்லதுதானே என்று நினைக்கிறார். ரத்தத்தில் உப்பு ஏறியது என்று கேட்டவர், சமையல் உப்பை அறவே விட்டால் அது இறங்கிவிடும் என்று நம்புகிறார். சிலர் கடையில் கிடைக்கும் சோடியம் குறைந்த உப்புக்கு மாறுகிறார்கள். அதில் சோடியத்துக்குப் பதில் கலந்திருப்பது பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரக நோயாளிக்கு அதுதான் ஆகாதது.

அல்புமினை அல்புமின் என்றே எழுதலாம், மக்கள் பழகிக்கொள்வார்கள். அது சிறுநீரில் வருவதற்கு அமைப்பு ரீதியான பொருள் உண்டு: மேலே சொன்ன மூன்றடுக்குச் சுவரில் எங்கோ விரிசல், அல்லது வடிந்த சிறிதளவைத் திரும்ப எடுக்கும் குழல் செல்களுக்குக் களைப்பு. சர்க்கரை நோயில் அடித்தளச் சவ்வு தடிக்கிறது, தந்துகிகளைத் தாங்கும் மெசாஞ்சியம் பெருகுகிறது, பின்னர் உருண்டை உருண்டையான முடிச்சுகள் தோன்றுகின்றன. அவற்றைக் கிம்மல்ஸ்டீலும் வில்சனும் 1936இல் விவரித்தார்கள். கர்ப்பகால ரத்த அழுத்த நோயிலோ தந்துகி உட்சுவர் செல்கள் வீங்கி ரத்தம் ஓடும் வழியையே அடைக்கின்றன. அதனால் 20 வாரத்துக்குமேல் அழுத்தம் 140/90ஐத் தொட்டு அல்புமினும் வந்தால், உணவில் உப்பைக் குறைத்துச் சரிசெய்யும் விஷயம் இல்லை அது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம்.

பரிசோதனை நுணுக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். சிறுநீரில் தோய்க்கும் வண்ணக் குச்சி ஆரம்பகாலச் சிறு ஒழுக்கைக் காட்டாது. தண்ணீர் நிறையக் குடித்து நீர்த்துப்போன சிறுநீரில் இன்னும் மோசம். சர்க்கரை நோயாளிகள் கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனை, சிறுநீர் அல்புமின் கிரியேட்டினின் விகிதம். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் சிறந்தது, வெறும் வயிறு தேவையில்லை. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மி.கி.க்குக் கீழே இருந்தால் இயல்பு, 300க்கு மேல் கடும் ஒழுக்கு. காய்ச்சல், மாதவிடாய், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி நாள்களில் எடுத்தால் பொய்யாகக் கூடும். ஒரு முறை கூடியிருந்தால் நோய் என்று முத்திரை குத்தக் கூடாது. மூன்று மாத இடைவெளியில் மறுபடி பார்த்துத்தான் முடிவு.

கிரியேட்டினின் எண்ணும் தனியாக நின்று பொருள் தராது. அது தசையின் அளவைப் பொறுத்தது. 1.1 என்று வந்தால் ஆய்வகத் தாள் பெரும்பாலும் இயல்பு என்றே அச்சடிக்கும். ஆனால் கிரியேட்டினின், வயது, பாலினம் மூன்றையும் வைத்து வடிதிறனைக் கணக்கிடும் 2021ஆம் ஆண்டின் சி.கே.டி. எபி சூத்திரத்தில் போட்டால், 25 வயது ஆணுக்கு அது 95 அளவு வடிதிறன், 70 வயதுப் பெண்ணுக்கு 54. முன்னவர் நலம், பின்னவர் பாதி நெஃப்ரான்களின் வேலையை இழந்தவராக இருக்கலாம். வடிதிறன் பாதியாகும்வரை கிரியேட்டினின் பெரிதாக ஏறாது, ஏனெனில் மீதமுள்ள நெஃப்ரான்கள் கூடுதல் சுமையைச் சுமக்கின்றன. அந்தக் கூடுதல் சுமையே பிறகு அவற்றையும் கெடுக்கிறது. ஆகவே எண்ணோடு வடிதிறனையும் தாளில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள் என்று வாசகர்களுக்குச் சொல்லுங்கள்.

திசுப் பரிசோதனை, அதாவது கிட்னி பயாப்ஸி என்றதும் "கிட்னியில் ஊசி போட்டால் கெட்டுவிடும்" என்று ஓடிவிடுகிறார்கள். எடுப்பது 16 அல்லது 18 கேஜ் ஊசியில் பென்சில் கூரைவிட மெல்லிய, ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள, நூல் போன்ற திசுத் துண்டு இரண்டு. அதில் கிடைக்கும் குளோமருலஸ்கள் இருபது முப்பது. உடம்பில் இருப்பதோ இருபது லட்சம். முன்னேற்பாடுதான் முக்கியம்: ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும், ஆஸ்பிரின், கிளோபிடோக்ரெல் போன்றவற்றை மருத்துவர் சொன்னபடி சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், ரத்தம் உறையும் திறன் பார்த்திருக்க வேண்டும். குப்புறப் படுக்கவைத்து, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி, சிறுநீரகத்தின் கீழ்முனையில் குத்துவார்கள். பெரிய ரத்தக் குழாய்கள் நுழையும் ஹைலத்திலிருந்தும் நுரையீரல் உறையிலிருந்தும் அது தள்ளியிருக்கிறது. குத்தும் நொடியில் மூச்சை அடக்க வேண்டும். மூச்சோடு சிறுநீரகமும் மேலும் கீழும் போகும். பிறகு ஆறு முதல் எட்டு மணி நேரம் அசையாமல் படுக்கை. முதல் ஒன்றிரண்டு முறை சிறுநீர் சிவந்து போகலாம். கட்டி கட்டியாக ரத்தம் வந்தாலோ சிறுநீர் நின்றாலோ உடனே சொல்ல வேண்டும்.

எடுத்தபின் தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. இதை மாவட்ட அளவிலுள்ள சிறு மருத்துவமனைகளும் படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறோம். நூல் முழுவதையும் ஒரே ஃபார்மலின் புட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. ஒரு துண்டு ஃபார்மலினில், சாதாரண நுண்ணோக்கிக்கு. ஒரு துண்டு மைக்கேல் திரவத்தில், ஒளிர்சாய ஆய்வுக்கு. ஒரு சிறு துண்டு குளூட்டரால்டிஹைடில், மின்னணு நுண்ணோக்கிக்கு. ஐ.ஜி.ஏ. என்னும் எதிர்ப்புரதம் குளோமருலஸில் படியும் ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி என்று உறுதியாகச் சொல்ல ஒளிர்சாய ஆய்வு வேண்டும். ஃபார்மலினில் போட்ட திசுவில் அது சரியாக எடுக்காது. குழந்தைகளில் அதிகம் காணும், சிறுநீரில் புரதம் பெருமளவு ஒழுகும் நெஃப்ராட்டிக் நோயில் சாதாரண நுண்ணோக்கியில் எல்லாம் இயல்பாகத் தெரியும். போடோசைட் கால்கள் ஒட்டித் தட்டையாகிப்போனது மின்னணு நுண்ணோக்கிக்குத்தான் தெரியும். எடுத்த நூலைக் காய்ந்த பஞ்சுத்துணியில் வைக்காதீர்கள், இடுக்கியால் அழுத்தாதீர்கள். நசுங்கிய குளோமருலஸைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஒரு சொட்டு சலைனில் வைத்து லென்சில் பார்த்தால் குளோமருலஸ்கள் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். அப்படித் தெரியாமல் கோடுகளாக மட்டும் இருந்தால் ஊசி மெடுல்லாவுக்குள் போய்விட்டது, இன்னொரு நூல் வேண்டும்.

எண்ணிக்கைக்கும் கணக்கு இருக்கிறது. பத்தில் ஒரு குளோமருலஸில் மட்டும் தழும்பு விழும் நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து குளோமருலஸ் உள்ள துண்டில் அது ஒன்றுகூடச் சிக்காமல் போக 35 சதவீத வாய்ப்பு. இருபது இருந்தால் 12 சதவீதம். மருத்துவர் "இன்னொரு துண்டு எடுக்கிறேன்" என்றால் அது அலட்சியத்தால் வந்தது என்று எண்ண வேண்டாம். திசு அறிக்கை வந்ததும் பலரும் குளோமருலஸ் பற்றிய வரியை மட்டும் படிக்கிறார்கள். கடைசியில் இருக்கும் "குழல் சுருக்கமும் இடைத்திசு நாரிழைப்பும் இத்தனை சதவீதம்" என்ற வரியைப் படியுங்கள். எத்தனை வருடம் டயாலிசிஸ் இல்லாமல் ஓடும் என்பதை அதுதான் கூடுதலாகச் சொல்லும்.

மூன்றாவது சொல்லுக்கு வருகிறோம். சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாயையும், பையிலிருந்து வெளியே போகும் குழாயையும் நாம் சிறுநீர்க் குழாய் என்றே எழுதுகிறோம். முதலாவது இரண்டு; இரண்டாவது ஒன்றே ஒன்று. பாடநூல்களில் சிறுநீர் நாளம், சிறுநீர்ப் புறவழி என்று நல்ல சொற்கள் இருக்கின்றன. யூரிட்டர், யூரித்ரா என்று எழுதினாலும் சரி. ஒரே சொல் மட்டும் வேண்டாம்.

சிறுநீர் நாளம் 25 முதல் 30 செ.மீ. நீளம், உள்வழி 3 முதல் 4 மி.மீ. வெற்றுக் குழாயில் நீர் ஒழுகுவதைப் போல் இதில் சிறுநீர் ஒழுகுவதில்லை. தசைச் சுவர் நிமிடத்துக்குச் சில முறை அலையாகச் சுருங்கிப் பிழிந்து இறக்குகிறது. அதனால்தான் தலைகீழாக நின்றாலும் சிறுநீர் பைக்கே போகும். வழியில் மூன்று இடம் குறுகல்: சிறுநீரகத்தில் சிறுநீர் வந்து சேரும் புனலான பெல்விஸ் நாளத்தோடு சேரும் இடம், தொடைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்களைத் தாண்டும் இடம், பைச் சுவரைச் சாய்வாகத் துளைக்கும் இடம். கடைசிதான் மிகக் குறுகல், கல் அதிகம் சிக்குவதும் அங்கேதான். 5 மி.மீ.க்குக் கீழான கல் பெரும்பாலும் தானே இறங்கும். 10ஐத் தாண்டியது அநேகமாக இறங்காது. கல் இறங்க இறங்க வலியும் விலாவிலிருந்து தொடை இடுக்கை நோக்கி இறங்கும். வலி நின்றுவிட்டது என்பது கல் வெளியேறியதற்கு அடையாளம் ஆகாது. அடைபட்டு வலியில்லாமலே சிறுநீரகம் வீங்குவதும் உண்டு, ஸ்கேனில் உறுதிசெய்ய வேண்டும். காய்ச்சலும் குளிரும் சேர்ந்து வந்தால் அன்றிரவே அடைப்பை நீக்க வேண்டும்.

அடைப்பை நீக்க நாளத்துக்குள் வைக்கும், இரு முனையும் சுருண்ட மெல்லிய குழாயான டி.ஜே. ஸ்டென்ட் இருக்கிறதே, அதுதான் எங்களை இந்தக் கடிதத்தை எழுதவே வைத்தது. இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட் ஆயுளுக்கும் அங்கேயே இருக்கும். சிறுநீர் நாளத்தில் வைப்பது தற்காலிகம். சில வாரங்களில், வழக்கமாக அதிகபட்சம் மூன்று மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். ஒரே பெயரைக் கேட்டு, இதுவும் நிரந்தரம் என்று எண்ணி வருடக்கணக்கில் விட்டுவிடுபவர்கள் உண்டு. அதன்மேல் சுண்ணாம்பு படிந்து, இரண்டு சுருள் முனைகளிலும் கல் வளர்ந்து, கடைசியில் ஸ்டென்டும் போய்ச் சிறுநீரகமும் போகும். டிஸ்சார்ஜ் தாளில் "ஸ்டென்ட் எடுக்க வேண்டிய தேதி" என்று ஒரு வரி இருக்கிறதா என்று வீட்டார் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

பெண்களுக்குக் கர்ப்பப்பை அகற்றும்போது காயப்படுவதும் இந்த நாளம்தான். கர்ப்பப்பை வாய்க்குப் பக்கவாட்டில் சுமார் 2 செ.மீ. தள்ளி, கர்ப்பப்பைத் தமனிக்குக் கீழாக அது நுழைந்துபோகிறது. அந்த அறுவைக்குப்பின் விலாவில் வலி, காய்ச்சல், யோனி வழியே ஓயாத நீர்க்கசிவு இருந்தால் "போகப் போகச் சரியாகிவிடும்" என்று வீட்டிலேயே காத்திருக்கக் கூடாது.

பெல்விஸ், நாளம், பை மூன்றுக்கும் உட்புறம் ஒரே வகைத் திசு. பை காலியாக இருக்கும்போது ஆறேழு அடுக்காகவும், நிரம்பி விரியும்போது இரண்டு மூன்று அடுக்காகவும் தெரியும். மேலடுக்கில் குடைபோல் கவிந்த பெரிய செல்கள், சிறுநீர் திரும்ப உடம்புக்குள் ஊறாமல் காக்கின்றன. புகையிலையின் நச்சு சிறுநீரில் கரைந்து மணிக்கணக்கில் இதன்மேல் தேங்குவதால்தான் பீடி, சிகரெட் பிடிப்பவருக்குச் சிறுநீர்ப்பைப் புற்று வருகிறது. வலியே இல்லாமல் ஒரே ஒரு முறை ரத்தமாகச் சிறுநீர் போய்த் தானே நின்றுவிட்டாலும், நாற்பதைத் தாண்டியவர் பைக்குள் கேமரா விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புறவழி பெண்களுக்குச் சுமார் 4 செ.மீ., ஆண்களுக்கு 18 முதல் 20. பெண்களுக்குத் தொற்று அதிகம் வர இந்த நீள வித்தியாசம் ஒரு காரணம். ஆண்களின் புறவழி வளைந்து, புராஸ்டேட்டின் நடுவே வருகிறது. வீட்டில் படுக்கையில் இருக்கும் முதியவருக்குக் கதீட்டர் மாற்றுபவர்கள் கவனிக்க: சிறுநீர் வந்த உடனே பலூனை ஊதக் கூடாது. கதீட்டர் இரண்டாகக் கிளைக்கும் இடம்வரை உள்ளே தள்ளியபிறகுதான் ஊத வேண்டும். முனை பைக்குள் எட்டியிருந்தாலும் பலூன் இன்னும் புறவழியிலேயே இருக்கக்கூடும். அங்கே ஊதினால் சுவர் கிழிந்து, பிற்காலத்தில் அந்த இடம் தழும்பாகிச் சுருங்கும். ஊதும்போது வலித்தாலோ எதிர்ப்புத் தெரிந்தாலோ உடனே நிறுத்த வேண்டும். பலூனுக்கு உறையில் எழுதிய அளவு கிருமி நீக்கிய தண்ணீர்தான். சலைன் போட்டால் உப்புப் படிந்து, எடுக்கும் நாளில் பலூன் சுருங்காமல் அடம்பிடிக்கும்.

கடைசியாக, கட்டுரையோடு வரும் படங்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். சிறுநீரகங்கள் விலாவின் அடியில் இருக்கட்டும், வலது சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். இடது சிறுநீரகச் சிரை பெருந்தமனிக்கு முன்னால் கடந்து போவதால் வலதைவிட நீளம்; உயிரோடு இருப்பவர் தானம் தரும்போது பெரும்பாலும் இடதை எடுப்பதன் காரணம் அதுவே. அதையும் படத்தில் காட்டினால் தானம் தருபவரின் குடும்பம் "ஏன் இடது?" என்று கேட்கும் கேள்விக்கு விடை படத்திலேயே கிடைத்துவிடும். படத்தில் பெயர் எழுதும்போது மேலே உள்ள இரண்டுக்கும் சிறுநீர் நாளம், கீழே உள்ள ஒன்றுக்குச் சிறுநீர்ப் புறவழி என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
உடற்கூறியல், திசு நோய்க்குறியியல் ஆசிரியர்கள் சிலர்